ஆர்ட் பிளேக்கியின் மூன்று மேடைப் பதிவுகள்: முதலில் எதைக் கேட்கலாம்?

ஹார்ட் பாப் (hard bop) என்ற, புளூஸ் வாடை தூக்கலான ஜாஸ் வகைக்குப் புதியவர்களிடம் டிரம்மர் ஆர்ட் பிளேக்கியின் மேடைப் பதிவுகளைக் கேளுங்கள் என்பார்கள். சரி, எதை? அவர் விட்டுப்போனவை ஏராளம். என் கணக்கில் போட்டி மூன்றுக்குள்தான்.

பெரும்பாலோர் கைகாட்டுவது 1954 பிப்ரவரியில் நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் கிளப்பில் பதிவான 'எ நைட் அட் பேர்ட்லேண்ட்'. டிரம்பெட்டில் கிளிஃபோர்ட் பிரவுன், பியானோவில் ஹொரேஸ் சில்வர். 'ஒன்ஸ் இன் எ வைல்' பாட்டில் பிரவுன் வாசிப்பதைக் கேட்டால், இரண்டே வருடத்தில் 25 வயதில் கார் விபத்தில் போய்விட்டாரே என்று மனசு கனக்கும். ஆனால் இது பிரவுனின் இரவு. பிளேக்கியை அறிய இதைக் கேட்டால், காது டிரம்பெட் பின்னாலேயே ஓடிவிடும்.

1982 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவின் கீஸ்டோன் கார்னரில் பதிவானது 'கீஸ்டோன் 3'. பிளேக்கிக்கு 62 வயது. முன்வரிசையில் டிரம்பெட்டோடு 20 வயது விண்டன் மார்சாலிஸும் சாக்ஸபோனோடு அவர் அண்ணன் பிரான்ஃபோர்டும். பையன்கள் சுத்தமாக வாசிக்கிறார்கள், கொஞ்சம் பரீட்சை எழுதுவதுபோல. அவர்களை உசுப்பிவிடுவது கிழவர்தான்.

என் ஓட்டு 1963 ஜூனில் அதே பேர்ட்லேண்டில் பதிவான 'உகெட்சு'வுக்கு. ஃபிரெடி ஹப்பார்டின் டிரம்பெட், வெய்ன் ஷார்ட்டரின் டெனர் சாக்ஸபோன், கர்டிஸ் ஃபுல்லரின் டிராம்போன் என்று ஊதுபவர்கள் மூவர். அவ்வளவு கனமான முன்வரிசையை டிரம்ஸ் தூக்கிப் பிடித்தாக வேண்டும். ஷார்ட்டர் எழுதிய 'ஒன் பை ஒன்'னில் அவசரமே இல்லை. நான்கு அடிச் சுற்றின் இரண்டாவது, நான்காவது அடிகளில் ஹை-ஹாட் (காலால் மிதித்து மூடும் ஜோடித் தட்டு) மட்டும் பிசகாமல் விழுகிறது. ஊதுபவர் ஒருவரின் தனி வாசிப்பு முடியும் இடங்களைக் கவனியுங்கள். ஸ்நேர் டிரம்மில் குச்சிகளை அழுத்தி உருட்டும் அந்தப் பிரஸ் ரோல் சன்னமாகக் கிளம்பிப் பெருகி, அடுத்தவரை உள்ளே தள்ளிவிடும். தாளம் காப்பவர் என்பதைவிட, யார் எப்போது பேசலாம் என்று தீர்மானிப்பவராகவே பிளேக்கி இங்கே தெரிகிறார். சீடார் வால்டனின் (Cedar Walton) பியானோவும் நெருக்காமல் அவருக்கு இடம்விடுகிறது.

நீண்ட டிரம்ஸ் ஆவர்த்தனமே வேண்டும் என்பவர்கள் மட்டும் 1954-க்கே போகலாம். அங்கே 'எ நைட் இன் துனீசியா' என்ற பாட்டு இருக்கிறது. அதை டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி டெக்சஸில் ஒரு குப்பைத்தொட்டியின் அடிப்பக்கத்தில் வைத்து எழுதியபோது தான் கூடவே இருந்ததாக பிளேக்கி மேடையில் அளக்கும் கதையும் சேர்த்து.