ஃப்ரீயா, ஃப்ரீஅண்ட்நில்லா?
மதுரை தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளுக்காக நாங்கள் பராமரிக்கும் பில்லிங் மென்பொருள் டெல்ஃபி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. ஆப்ஜெக்டை, அதாவது நினைவகத்தில் உருவாக்கிய தரவுத் தொகுப்பை, விடுவிக்க அதில் வெறும் ஃப்ரீ உண்டு; விடுவிப்பதோடு, அதன் முகவரியை வைத்திருக்கும் மாறியையும் நில் (எதையும் சுட்டாத வெறுமை) ஆக்குகிற, 1999இல் டெல்ஃபி 5உடன் வந்த ஃப்ரீஅண்ட்நில்லும் உண்டு. ஃபார்ம்களின் (திரைச் சாளரங்களின்) ஃபீல்டுகள், அதாவது அவற்றுக்குள் இருக்கும் மாறிகள், அனைத்துக்கும் இப்போது பின்னதையே பயன்படுத்துகிறோம். வேகத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. பிழை வந்தாலும் இறுதிப்பகுதி ஓடியே தீரும் ட்ரை-ஃபைனலிக்குள் பிறந்து அங்கேயே மடியும் உள்மாறிக்கு ஃப்ரீ தாராளமாகப் போதும்.

பராமரிப்புதான் எங்கள் முடிவுக்குக் காரணம். ஃப்ரீ நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் மாறியில் பழைய முகவரி அப்படியே இருக்கும். நகையை மீட்ட பிறகும் பையில் கிடக்கும் அடகுச் சீட்டு போல. அசைன்டு சோதனை, மாறி நில்லா என்று மட்டுமே பார்ப்பதால், அந்தச் சீட்டை நம்பிவிடும். அன்றைய பவுன் விலையை வைத்திருந்த ஆப்ஜெக்டை விடுவித்த பின்னும், அந்த இடம் வேறொன்றுக்குப் போகும்வரை விலை சரியாகவே தெரியக்கூடும். போன பிறகோ, தவறு நடந்த இடத்துக்குத் தொடர்பே இல்லாத வரியில் பிழை வெடிக்கும். நில் ஆக்கியிருந்தால், கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பிழைப்பெட்டியின் படத்தில் 0000001சி போன்ற மிகச் சிறிய முகவரி இருக்கும்; நில் ஆப்ஜெக்டின் ஃபீல்டைத் தொட்டிருக்கிறோம் என்பது மேசையை விட்டு எழாமலே புரிந்துவிடும்.

வெறும் ஃப்ரீயே போதும் என்னும் எதிர்த்தரப்பின் வாதமும் வலுவானதே. ஃப்ரீயை இருமுறை அழைத்தால் பெரும்பாலும் பிழை கூச்சலிடும். நில் அதை ஓசையின்றி விழுங்கிவிடும். டெல்ஃபியின் நினைவக மேலாளரான ஃபாஸ்ட்எம்எம்மின் முழு டீபக் (பிழை தேடும்) நிலை, விடுவித்த இடத்தை 80 என்ற பதினறும எண்ணால் நிரப்பித் தவறைக் காட்டிக்கொடுக்கும் என்பதும் உண்மை; ஆனால் வேகத்தை உறிஞ்சும் அந்த நிலையைக் கூட்ட நேரத்துக் கடைக்கணினியில் ஓட்ட முடியாது.

ஃப்ரீஅண்ட்நில் ஒரு மாறியை மட்டுமே வெறுமையாக்கும். அதே ஆப்ஜெக்டைச் சுட்டும் மற்ற மாறிகள் பழைய முகவரியோடேயே திரியும். தவிர, அது முதலில் நில் வைத்துவிட்டுப் பிறகே அழிப்பதால், டெஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் பகுதி) அழைக்கும் நிரல் அந்த மாறியைத் தேடினால் நில்தான் கிடைக்கும். ஆப்ஜெக்ட் அல்லாததைக் கொடுத்தாலும் கம்பைலர் (நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கருவி) ஏற்றுக்கொண்ட பழைய குறை, 2020இல் வந்த டெல்ஃபி 10.4 பதிப்பில்தான் நீங்கியது.

பல த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் இழைகள்) ஒரே மாறியைத் தொடும் நிரல்களில் எங்களுக்கு அனுபவம் குறைவு. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் லாக் இல்லாத இடத்தில் நில் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.