ஆடியா, ஐப்பசியா, மார்கழியா: வளர்ந்த பூச்செடியை எப்போது இடம் மாற்றலாம்?

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது விதைக்குச் சொன்னது. நாலைந்து வருஷம் ஒரே இடத்தில் நின்ற மல்லிப் புதரைக் கடப்பாறை போட்டு நெம்பி வேறு இடத்தில் வைப்பதற்கும் நம்மூரில் அதையே சொல்கிறார்கள். வீட்டை இழுத்துக் கட்டுகிறோம், காம்பவுண்டைத் தள்ளிப் போடுகிறோம், செடியை மாற்றியாக வேண்டும் என்கிறவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு. ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வரும் மல்லி நாற்று வேறு கணக்கு. ஜூன் முதல் நவம்பர் வரை அதை எப்போதும் நடலாம். சின்னச் செடி, வேர் முழுக்கக் கூடவே வந்துவிடும். வளர்ந்த செடியில் அப்படி இல்லை. தண்ணீர் குடிப்பது நுனியில் இருக்கிற சல்லிவேர், தோண்டும்போது அறுபடுவதும் அதுதான். மேலே இலை அத்தனையும் அப்படியே இருக்கும், கீழே குடிக்க ஆளிருக்காது.

ஆடிக்குச் சாதகமாக ஒன்று உண்டு. அடுத்து புரட்டாசி, ஐப்பசி மழை வருகிறது, அதற்குள் வேர் பிடித்துவிட்டால் அப்புறம் கவலையில்லை. ஆனால் மதுரையில் ஆடி என்றால் மழையா வருகிறது? காற்றுதான். வெயிலும் குறைந்தபாடில்லை. புதிதாக வைத்த செடியைக் காற்று ஆட்டிக்கொண்டே இருந்தால், விடுகிற இளவேர் மண்ணைப் பிடிக்கும் முன்பே அறுந்துபோகும், இலையும் வறண்டுவிடும். போதாததற்கு மல்லி அப்போது பூத்துக்கொண்டிருக்கும். மாற்றினால் இருக்கிற பூவும் போச்சு. ஆடியில்தான் முடியும் என்றால் பக்கத்தில் கம்பு ஊன்றிக் கட்டி, மேற்கே ஒரு தென்னங்கீற்றுத் தட்டி வையுங்கள்.

ஐப்பசியில் மதுரைக்கு மழை அதிகம், தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம். இங்கே உங்கள் மண்தான் முடிவு செய்யும். அழகர்கோவில், நத்தம் ரோட்டுப் பக்கம் செம்மண் என்றால் தாராளமாகச் செய்யலாம், பெய்கிற தண்ணீர் வடிந்துவிடும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில் வேண்டவே வேண்டாம். தோண்டின குழி கிண்ணம் மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அறுபட்ட வேர் அதில் அழுகும். செடி வாடுவதைப் பார்த்துவிட்டு நாம் இன்னும் ஒரு வாளி ஊற்றுவோம், அதோடு சரி.

என் ஓட்டு கார்த்திகைக் கடைசி, மார்கழிக்கு. மல்லிக்கு எப்படியும் நவம்பர் கடைசியிலிருந்து கவாத்து செய்வோம், தரையிலிருந்து அரை மீட்டர் விட்டு மேலே உள்ளதை வெட்டிவிடுவோம். பனிக்காலத்தில் பூ ரொம்பக் குறைவு, அதனால்தானே மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கிலோ ஆயிரங்களில் போகிறது. பூ நஷ்டம் இல்லை, இலைச் சுமை இல்லை, வெயில் தணிந்திருக்கிறது, மழை குடித்த மண்ணில் ஈரமும் இருக்கிறது. கவாத்தும் இடமாற்றமும் ஒரே வேலையாக முடிந்துவிடும். இதிலும் ஒரு குறை உண்டு: மழை முடிந்த பிறகு வைப்பதால் தையிலிருந்து தண்ணீர் உங்கள் பொறுப்பு, பங்குனி வெயில் வருவதற்குள் செடி தேறியாக வேண்டும். அதனால் மாசி வரை தள்ளாதீர்கள். சித்திரையில் ஒரு கோடை மழை பெய்ததும் கை பரபரக்கும், அப்போது மண்வெட்டியைத் தொடவே கூடாது.

எடுக்கிற விதத்தில்தான் பாதி இருக்கிறது. முதல் நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் சாயங்காலம் ஒரு கைப்பிடி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், கையில் சேறாக ஒட்டக் கூடாது. தூரிலிருந்து ஒரு அடி தள்ளிச் சுற்றிலும் தோண்டி, அடியில் சாக்கை நுழைத்து, தாய்மண்ணோடு இரண்டு பேராகத் தூக்குங்கள். தூரைப் பிடித்து இழுத்தால் மண் உதிர்ந்து வேர் மட்டும் கையில் வரும். புதுக்குழியை முன்கூட்டியே வெட்டித் தொழு எருவைக் கலந்து வைத்திருக்க வேண்டும், கரிசல் என்றால் மணலும். பழைய இடத்தில் எவ்வளவு ஆழத்தில் நின்றதோ அதே ஆழம், அதற்குமேல் புதைக்க வேண்டாம்.

பிச்சி, முல்லை, செம்பருத்தி, நந்தியாவட்டை எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான், கொப்பைக் குறைத்துவிட்டு எடுத்தால் போதும். சம்பங்கி மட்டும் விதிவிலக்கு. கிழங்கைத் தோண்டி, பெரிய கிழங்காகப் பொறுக்கி ஒரு மாதம் நிழலில் போட்டு வைத்து ஜூன், ஜூலையில் நடுவதுதான் அதற்குச் சரி, ஆடி அங்கே ஜெயிக்கிறது. கனகாம்பரம் பழைய செடி என்றால் மாற்றவே மாற்றாதீர்கள், நூற்புழு வேரில் இருந்தால் புது இடத்துக்கும் அதைக் கூட்டிக்கொண்டு போவீர்கள். டெல்லி கனகாம்பர ரகம் என்றால் அதற்குப் பதில் ஒரு கொப்பை வெட்டி வேர்விட வைப்பது சுலபம். அரளியும் அப்படித்தான், குச்சியை ஒடித்து ஊன்றினாலே வருகிற செடிக்கு எதற்குக் கடப்பாறை. வெட்டும்போது வடிகிற பால் விஷம், ஆடு மாடு வாய் வைக்காத இடமாகப் பார்த்துக் கழிவைப் போடுங்கள்.