ஏழு வருஷம், நாலு பயணம், ஒரே பச்சைக் கார்டு

2018 ஜனவரியில் டோக்கியோவின் உயெனோ ஸ்டேஷனில் 2,000 யென் போட்டு வாங்கிய சுயிகா என்ற ப்ரீபெய்ட் ரயில் கார்டு இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது. அதில் 500 யென் டெபாசிட், 1,500 செலவுக்கு. ஓரமெல்லாம் தேய்ந்துவிட்டது. கடைசியாக 2025 நவம்பரில் போனபோதும் கேட்டில் வைத்ததும் 'பிப்' என்றது.

ஜப்பானிய மொழியில் சுயிகா என்றால் தர்ப்பூசணி. பச்சைக் கார்டுக்குப் பொருத்தமான பெயர்தான்.

டோக்கியோ ரயில் நிலையங்களில் டிக்கெட் மெஷினுக்கு மேலே கட்டண வரைபடம் ஒன்று தொங்கும். முதல் நாள் அதைப் பார்த்தே தலை சுற்றியது. ஜே.ஆர். எனும் ஜப்பான் ரயில்வே வேறு, மெட்ரோ வேறு, தனியார் ரயில் வேறு. கார்டு இருந்தால் அந்தக் கவலையே இல்லை. கேட்டில் தட்டினால் உரிய கட்டணத்தை அதுவே கழித்துக்கொள்கிறது. 2013 மார்ச்சில் நாட்டின் பத்து ரயில் கார்டுகளை ஒன்றோடொன்று இணைத்ததால், டோக்கியோவில் வாங்கியதை ஒசாகா மெட்ரோவிலும் கியோட்டோ பஸ்ஸிலும் தட்டலாம். கியோட்டோவில் பின்வாசலில் ஏறி, இறங்கும்போது டிரைவர் பக்கத்தில் தட்ட வேண்டும், 230 யென். டோக்கியோ பழக்கத்தில் முன்வாசலில் போய் நின்று அசடு வழிந்தேன்.

ஆனால் இந்தக் கார்டு செலவாளி ஆக்கிவிடும். குளிர்காலத்தில் ஒவ்வொரு பிளாட்பாரத்திலும் பானம் விற்கும் மெஷின் நிற்கும். சிவப்புப் பட்டை போட்டது சூடு, நீலப் பட்டை குளிர்ச்சி. சூடான காபி டின்னைக் கையில் உருட்டிக்கொண்டே ரயிலுக்கு நிற்கும் சுகத்துக்காக நாளைக்கு மூன்று முறை தட்டியிருக்கிறேன். காசை எண்ணிக் கொடுத்திருந்தால் ஒன்றோடு நிறுத்தியிருப்பேன்.

அப்போது மகனுக்கு ஏழு வயது. அவனுடைய பாஸ்போர்ட்டைக் காட்டி, அரைக் கட்டணச் சிறுவர் கார்டு வாங்கினோம். அது 'பிப்' என்று கத்தாது, 'பியோ பியோ' என்று கோழிக்குஞ்சு மாதிரி கீச்சிடும். அதைக் கேட்பதற்காகவே முன்னால் ஓடுவான்.

2023 அக்டோபர் பயணத்தில்தான் என் கார்டின் அருமை புரிந்தது. சிப் தட்டுப்பாட்டால் அந்த ஜூனிலேயே சாதாரண சுயிகா விற்பனையை நிறுத்திவிட்டார்கள். திரும்ப வந்தது 2025 மார்ச்சில். எங்களோடு வந்த நண்பர் விமான நிலையத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான வெல்கம் சுயிகாவை வாங்கினார். டெபாசிட் கிடையாது, ஆனால் 28 நாள்தான் ஆயுள், மீதிப் பணமும் திரும்ப வராது. என்னுடையது நான்கு வருஷம் அலமாரியில் கிடந்தது. தட்டினேன், பழைய மீதி 1,340 யென் அப்படியே இருந்தது. பத்து வருஷம் தொடாமலே விட்டால்தான் செத்துப்போகும்.

அதே பயணத்தில்தான் லாக்கர் கூத்தும். கியோட்டோ ஸ்டேஷனில் பெட்டிகளை காயின் லாக்கரில் வைத்து, மனைவி தன் கார்டைத் தட்டினாள். அப்புறம் அவள் நிஷிகி மார்க்கெட்டுக்குப் போக, பெட்டியை எடுக்க நான் மட்டும் திரும்பி வந்தேன். என் கார்டை எத்தனை முறை வைத்தாலும் மெஷின் மறுத்தது. பணம் கட்டிய கார்டேதான் சாவி என்பது உறைக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. அவள் வரும்வரை முக்கால் மணி நேரம் லாக்கருக்குக் காவல் நின்றேன். யார் தட்டுகிறார்களோ அவரே திரும்பி வரட்டும், லாக்கர் தரும் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னொரு சறுக்கல்: டோக்கியோவில் தட்டி ஏறி, அதே ரயிலில் டோக்கியோ கார்டு வட்டாரத்தின் எல்லையான அட்டாமியைத் தாண்டிப் போய் இறங்கினேன். கேட் திறக்கவில்லை. ஒரு வட்டாரத்தில் ஏறி இன்னொரு வட்டாரத்தில் இறங்க சாதாரண ரயிலில் இந்தக் கார்டு உதவாது. ரொக்கமாகக் கட்டி, ஒரு சீட்டு வாங்கி, அதைக் காட்டிப் பழைய பதிவை நீக்கிய பிறகே கார்டு உயிர் பெற்றது. தெற்கே கியூஷு தீவிலுள்ள குமமோத்தோ நகருக்குப் போகிறவர்களுக்கு: அங்கே உள்ளூர் பஸ் நிறுவனங்கள் 2024 நவம்பரோடு இந்த வகைக் கார்டுகளை ஏற்பதை நிறுத்திவிட்டன.

ஷாப்பிங்குக்கு இதை நம்பிப் போகாதீர்கள். 20,000 யென்னுக்கு மேல் ஏற்ற முடியாது, ஸ்டேஷன் மெஷின் ரொக்கம்தான் கேட்கும். அசகுசாவிலிருந்து நடந்தே போகக்கூடிய கப்பாபாஷி பாத்திரக் கடைத்தெருவில் நான் கத்தி வாங்கிய கடையில் ரொக்கம் மட்டுமே. பல கோவில் நுழைவுச் சீட்டுகளும் அப்படித்தான். சில்லறைப் பை ஒன்று கட்டாயம் வேண்டும். வரியில்லாமல் வாங்க அசல் பாஸ்போர்ட் வேண்டும், வரி நீங்கலாக 5,000 யென்னுக்காவது வாங்க வேண்டும். 2026 நவம்பர் 1 முதல் முதலில் வரியோடு கட்டிவிட்டு, நாட்டை விட்டுக் கிளம்பும்போது திரும்பப் பெறும் முறை வருகிறது.

கார்டைத் திருப்பிக் கொடுத்தால் 500 யென் கிடைக்கும். மீதியில் 220 யென் கட்டணம் பிடிப்பார்கள். அதனால் முதலில் கடையில் தட்டிப் பூஜ்யமாக்கிவிட்டுக் கொடுப்பது லாபம். ஆனால் அதை சுயிகாவை வெளியிடும் ஜே.ஆர். கிழக்கு நிறுவனத்தின் ஸ்டேஷன்களில்தான் வாங்குவார்கள். ஒசாகாவிலிருந்து விமானம் ஏறுகிறவர்கள் டோக்கியோவிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நான் கொடுக்கவில்லை. 612 யென் மீதியோடு வைத்திருக்கிறேன். மகனுக்கு இப்போது பெரியவர்கள் கார்டு. கேட்டில் அவனுக்கும் வெறும் 'பிப்'தான்.