ஒரே கோபுரத்தில் வாயும் காதும்: இடைவெளியா, கேவிட்டியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள மேடுகளில், அமெச்சூர் வானொலியின் 2 மீட்டர் அலைவரிசையில் ரிப்பீட்டர் (ஓர் அதிர்வெண்ணில் கேட்டதை அதே நேரத்தில் இன்னொன்றில் திருப்பி அனுப்பும் நிலையம்) நிறுத்துகிறவருக்கு முதல் தலைவலி, கேட்பதற்கும் அனுப்புவதற்கும் நடுவே உள்ள வெறும் 600 கிலோஹெர்ட்ஸ்தான். ரிசீவர் 145.050 மெகாஹெர்ட்ஸில் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, டிரான்ஸ்மிட்டர் 145.650-இல் 25 வாட்டில் கத்தும். நடுவே ஏறக்குறைய 85 டெசிபல் தடுப்பு வேண்டும் (ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் சிக்னலின் சக்தி பத்தில் ஒன்றாகும்).

தொல்லை இரண்டு வகை. டிரான்ஸ்மிட்டரின் பலத்த கேரியர் (அதன் முதன்மை அலை) ரிசீவரைத் திணறடிக்கும். அதற்கு ஃபில்டர் ரிசீவர் பக்கம். டிரான்ஸ்மிட்டரின் இரைச்சலோ நேராக 145.050-இலேயே வந்து விழும். அதைப் பிறந்த இடத்தில்தான் அடக்க முடியும். ரிசீவரில் எத்தனை ஃபில்டர் மாட்டினாலும் வீண்.

இரண்டு ஆன்டெனாக்களைப் பக்கவாட்டில் 20 மீட்டர் தள்ளினாலும் 40 டெசிபல் கிடைப்பதே பாடு. ஒன்றுக்கு நேர்மேலே மற்றொன்றை 10 மீட்டரில் வைத்தால் கணக்குப்படி 55. முழு 85-க்கும் இடைவெளியையே நம்பினால் நடுவில் 55 மீட்டர் விடவேண்டும். அவ்வளவு உயரக் கோபுரத்துக்கு எங்கே போவது?

கேவிட்டி என்பது ஒரு அதிர்வெண்ணுக்கு டியூன் செய்த உலோகக் குழல் ஃபில்டர். ஆறு கேவிட்டி சேர்ந்த டூப்ளெக்சர் (இரு அதிர்வெண்களையும் ஒரே ஆன்டெனாவில் பிரித்து வைக்கும் சாதனம்) இருந்தால் ஒரே ஆன்டெனா, ஒரே கேபிள் போதும். 1.5 டெசிபல் இழப்பில் 25 வாட் 18-க்குக் கீழே இறங்கும், அது பெரிதல்ல. வெயில்தான் எதிரி. தகரக் கொட்டகையில் 20 டிகிரி ஏறினால், உள்ளிருக்கும் 52 செ.மீ. செம்புக் கம்பி 0.18 மி.மீ. நீளும், டியூனிங் 50 கிலோஹெர்ட்ஸ் நகரும். இன்வார் (சூட்டில் மிகக் குறைவாகவே நீளும் உலோகக் கலவை) கம்பி போட்டதா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

ரிசீவரை ஒரு மேட்டிலும் டிரான்ஸ்மிட்டரை இன்னொன்றிலும் வைக்கலாம். ஆனால் நடுவில் இரண்டையும் இணைக்கும் லிங்க், இரண்டு பேட்டரி, இரண்டு வாடகை. எந்தப் பக்கம் நின்றாலும் எல்லாம் மௌனம்.

சின்னக் குழுவுக்கு என் ஓட்டு கலப்புக்கே: 10 மீட்டர் உயர இடைவெளி, ரிசீவர் ஆன்டெனா மேலே, ரிசீவர் பக்கமும் டிரான்ஸ்மிட்டர் பக்கமும் 30 டெசிபல் தரும் கேவிட்டி ஒவ்வொன்று. கணக்கில் கொஞ்சத்தைக் கோபுர இரும்பு தின்றுவிடும். இரைச்சல் மிஞ்சினால் டிரான்ஸ்மிட்டர் பக்கம் இன்னொன்று சேருங்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டு ஆர்ஜி-58 துண்டுக் கேபிளால் இணைத்தால் அதன் ஒற்றைப் பின்னல் வழியே எல்லாம் கசியும். இரட்டைக் கவசமுள்ள ஆர்ஜி-214, N வகைக் கனெக்டர் போடுங்கள். அலுமினியத் தாளும் வெள்ளீயம் பூசிய பின்னலும் உரசும் கேபிள் ரிப்பீட்டரில் கரகரக்கும்.

சோதிக்க, ஆன்டெனாக்களைக் கழற்றி டம்மி லோட் (ஒலிபரப்பாமல் சக்தியை வெப்பமாக்கும் போலிச் சுமை) மாட்டுங்கள். கப்ளர் (சிக்னலைச் சிறிதளவு மட்டும் உள்ளே விடும் இணைப்பான்) வழியாக ரிசீவருக்குப் பலவீனமான சிக்னல் கொடுத்து டிரான்ஸ்மிட்டரை இயக்குங்கள். அப்போதே இரைச்சல் ஏறினால் கோளாறு கொட்டகைக்குள். ஆன்டெனா மாட்டியபின் மட்டும் ஏறினால் முதலில் இடைவெளியை அளந்து பாருங்கள். அது சரியென்றால் கடலுப்புக் காற்றில் துருவேறி இரைச்சல் கிளப்பும் போல்ட்டையும் இழுகம்பியையும் தேடி மேலே ஏறவேண்டியதுதான்.