மூன்று லூப்பா, இரண்டா, ஒன்றா? தமிழ்ச் சொல்லில் ஒரு செய்நிரல் மொழி அமைக்கும்போது

யாழ்ப்பாணத்து மாணவர் சாதாரண தரத்தில் பஸ்கால், உயர்தரத்தில் பைதன் என்று செய்நிரல் (கணினிக்கான கட்டளைத் தொகுப்பு) எழுதும் மொழிகளைப் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ்ச் சொற்களாலேயே ஒரு கற்பித்தல் மொழி அமைப்பதென்றால், முதலில் தீர்க்க வேண்டியது லூப்பின், அதாவது ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவைக்கும் கட்டளையின், எண்ணிக்கை. பஸ்காலில் ஃபோர், வைல், ரிப்பீற்–அன்ரில் என மூன்று, பைதனில் இரண்டு, கோ மொழியில் ஃபோர் மட்டும்.

பஸ்காலின் அன்ரிலுக்கு ஒரு நியாயம் உண்டு: உள்ளே இருப்பது ஒருமுறையாவது ஓடும். பரீட்சைப் புள்ளியை உள்ளிடச் சொல்லி, அது 0 முதல் 100 வரையா என்று சரிபார்க்க அது வசதி. வைலில் எழுதினால் உள்ளீட்டு வரியை லூப்புக்கு முன்னும் ஒருமுறை எழுதவேண்டும். ஆனால் வைல் நிபந்தனை மெய்யாக இருக்குமட்டும் ஓடும், அன்ரில் மெய்யானதும் நிற்கும்; அதனால் நிபந்தனை தலைகீழாகிறது. வைலுக்கு ‘0இலும் குறைவு அல்லது 100இலும் கூட’. அன்ரிலுக்கு ‘0 அல்லது அதற்கு மேல், மற்றும் 100 அல்லது அதற்குக் கீழ்’. ஒப்பீட்டுக் குறிகளை மாற்றிவிட்டு ‘அல்லது’வை அப்படியே விட்டால் நிபந்தனை எப்போதும் மெய். 250 என்று கொடுத்தாலும் லூப் முதல் சுற்றிலேயே முடிந்துவிடும்.

தமிழில் சிக்கல் இன்னும் கூடுகிறது. ‘மெய்யாக இருக்கும் வரை’ என்பதும் ‘மெய்யாகும் வரை’ என்பதும் நேரெதிர்ப் பொருள். இரண்டிலும் முடிவில் நிற்பது ‘வரை’ தான். இரண்டையும் ஒரே மொழியில் வைக்கக் கூடாது. கோ வழியில் ஒரே சொல் போதும் என்பதும் எனக்கு ஒப்பில்லை. அங்கே ஒரே ஃபோர் எண்ணவும், நிபந்தனை பார்க்கவும், முடிவின்றி ஓடவும் செய்கிறது. வரி எதைச் செய்கிறதென்று சொல்லைப் பார்த்துத் தொடக்கநிலையாளருக்குப் பிடிபடாது. பைதன்போல இரண்டு லூப், நடுவில் வெளியேற ‘நிறுத்து’. இதுவே பொருத்தம்.

பொருளில் வேறுபாடே இல்லாத இரட்டைகளை யோசிக்காமல் வெட்டலாம். சமனின்மைக்குப் பைதன் 2இல் இரு குறிகள் இருந்தன; 2008இல் வந்த பைதன் 3 ஒன்றைக் கைவிட்டது. நிபந்தனை பொய்த்தால் செய்யவேண்டியதைக் குறிக்க இல்லையெனில், இல்லாவிட்டால், இல்லாட்டி மூன்றையும் ஏற்பது கருணைபோலத் தெரியும். ஆனால் மூன்று பெயர்கள் மாறிகளுக்கு (மதிப்பைச் சேமிக்கும் இடங்களுக்கு) வைக்கக் கிடைக்காமல் போகும், தேடலும் மும்மடங்காகும். ‘இல்லையெனில்’ மட்டும் போதும். மற்றவை வந்து பிழை விழுந்தால், சரியான சொல்லைப் பிழைச் செய்தியே காட்டட்டும்.

கண்ணுக்குத் தெரியாத இரட்டை ஒன்றும் உண்டு. ‘தொகை’யிலுள்ள ஒகரக் குறியை யூனிகோட்டில் (கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் நியமத்தில்) ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்று, மொழிக்கு இரு மாறிகள். பைதன் பெயர்களை வாசிக்கும்போதே இவற்றை ஒன்றாக்கிவிடுகிறது, சரங்களை (மேற்கோளுக்குள் தரவாக வரும் எழுத்துத் தொடர்களை) தொடுவதில்லை. அதே ஒழுங்கை எடுத்துக்கொண்டு, சரங்களை ஒப்பிட மட்டும் தனிச் செயற்கூறு ஒன்று கொடுக்கவேண்டும்.