‘பைலட் ஷூட்’ என்று கூப்பிட்டால் கிளம்பும் முன் இதைப் படியுங்கள்

சென்னையில் சாலிகிராமம், வளசரவாக்கம், வடபழனி பக்கம் அறை எடுத்துத் தங்கி, நடிக்க வாய்ப்புத் தேடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் புதுச்சேரியில் நாடகம் படிக்கிறேன், முதுகலை இரண்டாம் ஆண்டு. ஆய்வேட்டுக்கு நான் எடுத்த தலைப்பே நடிகர்களின் சம்பளமில்லாத உழைப்புதான். நாற்பது பேரிடமாவது உட்கார்ந்து பேசிக் குறிப்பெடுத்திருக்கிறேன். அப்படியிருந்தும் ஒரு கம்பெனிக்கு ஒன்பது நாள் காசு வாங்காமல் நடித்துக் கொடுத்தேன், வெற்றுத்தாள் மாதிரி ஒன்றில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது.

ஆய்வுக்காக முதலில் போனது மதுரை, புதுக்கோட்டைப் பக்கம், ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பார்க்க. அங்கே கம்பெனி என்று ஒன்று கிடையாது. நாயகன் வேஷமான ராஜபார்ட், நாயகி வேஷமான ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி ஒப்பந்தம் செய்வார்கள். ஒத்திகை இல்லை. அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கும். முப்பது வருஷமாக வள்ளி வேஷம் கட்டும் ஒரு அம்மா தன் டைரியைக் காட்டினார். பங்குனி, சித்திரைப் பக்கங்களில் இடமே இல்லை. ஒவ்வொரு தேதிக்கும் நேரே ஊர் பெயர், பேசிய தொகை, வாங்கிய முன்பணம். “முன்பணம் கைக்கு வராத தேதியை நான் எழுதவே மாட்டேன் பாப்பா. எழுதிட்டா நம்ம மனசு அதை நாடகம்னு நம்பிரும்” என்றார். அதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். மூன்று வாரம் கழித்து நானே மறந்துவிட்டேன்.

சென்னைக்கு வந்தது சினிமாவில் புதுமுகங்களைப் பேட்டி எடுக்க. உடன் வந்தவன் என் வகுப்புத் தோழன், விழுப்புரம் பக்கம் கூத்துக் குடும்பத்துப் பையன். ஒரு வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது. வெப் சீரிஸ், புதுமுகங்கள் தேவை, நான்கு நாள் படப்பிடிப்பு, நாடகப் பின்னணி உள்ளவர்களுக்கு முன்னுரிமை. அந்தக் கடைசி வரிதான் எங்களை இழுத்தது. அடுக்குமாடி வீடு ஒன்றில் ஆடிஷன். இரண்டு பேரும் தேர்வானோம். தேர்வான பிறகு சொன்னார்கள், எல்லாரும் இரண்டு நாள் நடிப்புப் பயிற்சிக்கு வர வேண்டும், கட்டணம் தலைக்கு 3,500 ரூபாய் என்று. பதினெட்டு பேர் கட்டினோம். மொத்தம் 63,000 ரூபாய். முதல் இரண்டு நாள் கேமரா வாடகையும் லைட் வாடகையும் அந்தப் பணத்தில்தான் நடந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

சம்பளம் பற்றிக் கேட்டதற்குச் சொன்ன பதில் இது. “இது பைலட்தாம்மா. ஓடிடியில எடுத்துக்கிட்டா எல்லாருக்கும் பேமெண்ட். இப்போதைக்கு உங்க ஷோரீலுக்கு நல்ல மெட்டீரியல்.” பைலட் என்றால் தொடரை விற்க மாதிரிக்கு எடுத்துக் காட்டும் பகுதி. ஷோரீல் என்றால் வாய்ப்புக் கேட்கும்போது காட்ட நடிகர் வைத்திருக்கும் நடிப்புத் துண்டுகள். அந்த ஷோரீல் துண்டு இன்று வரை ஒருவருக்கும் வரவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வீடு. நான்கு நாள் ஒன்பது நாளானது. நான்காம் நாள் ராத்திரி மாடிப்படிக்குக் கீழே ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து புரொடக்‌ஷன் மேனேஜர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நீளவாட்டு நோட்டு, பென்சில் எழுத்து. தண்ணீர் எடுக்கக் குனிந்தபோது பக்கம் முழுக்கத் தெரிந்தது. லைட்மேன் நான்கு பேர் பேட்டா, அதாவது தினப்படி. ஜெனரேட்டர் டீசல். யூனிட் வேன். மேக்கப் அண்ணன், உதவியாளர். டீக்கடை பாக்கி. ஒரு காட்சியில் அந்த வீட்டு நாய் ஓடி வர வேண்டும், அதற்கு பிஸ்கட் 40 ரூபாய். எங்கள் பதினெட்டுப் பேரில் ஒருவர் பெயரும் அந்தப் பக்கத்தில் இல்லை. ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று ஒரு வரிகூட இல்லை. மறதியில் விட்டுப்போனது போல இல்லை அது. அந்தக் கணக்கில் நாங்கள் செலவே இல்லை.

எத்தனையோ பேர் பேட்டியில் “பட்ஜெட் இல்லைன்னு சொன்னாங்க” என்று சொல்லி நான் எழுதியிருக்கிறேன். பட்ஜெட் இருந்தது. நடிகர் என்ற இடத்தில் மட்டும் அது நின்றுபோயிருந்தது. அதே ராத்திரி லைட்மேன் அண்ணன் ஒருவர், “நேரம் தாண்டிருச்சு, எங்களுக்கு ஒன்றரைக் கால்ஷீட் சம்பளம். உங்களுக்கு எவ்வளவு தங்கச்சி பேசியிருக்காங்க?” என்று கேட்டார். பைலட் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

அதற்கும் முன்னால், இரண்டாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்குத்தான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன். அப்பா இறந்த செய்தி கேட்டு மகள் அழும் காட்சி. கண்ணில் கிளிசரின் போட்டாகிவிட்டது, எதிரில் இருப்பவர் முகமே கலங்கலாகத் தெரிந்தது. உதவி இயக்குநர் ஒருவர் அட்டையோடு வந்து, “லொகேஷன் பர்மிஷனுக்கு ஒரு ஃபார்மாலிட்டி, சீக்கிரம்மா, ஷாட் ரெடி” என்றார். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். தயாரிப்பாளர் பெயர் வர வேண்டிய இடம் கோடு மட்டும், காலி. காட்சியின் கனத்தில் இருந்தேன், போட்டுவிட்டேன். படியெடுத்துத் தரச் சொல்லிக் கேட்கவும் இல்லை. தோழன் மட்டும் தன் தாளை ஃபோனில் படம் பிடித்து வைத்தான். பிறகு அதைப் படித்தோம். எந்த ஊடகத்திலும், எந்த நோக்கத்துக்கும், எக்காலத்துக்கும் பயன்படுத்தலாம், பணமோ பெயரோ கேட்கமாட்டேன் என்று எழுதியிருந்தது.

ஐந்தாம் நாள் நாங்கள் நான்கு பேர் போய்விடலாம் என்று பேசினோம். உடனே கன்டினியூட்டி என்றார்கள், அதாவது எடுத்த காட்சிகளின் தொடர்ச்சி கெட்டுவிடுமாம். “நீங்க போயிட்டா மத்த பசங்க உழைப்பெல்லாம் வீண்” என்று மற்றவர்கள் காதில் விழும்படிச் சொன்னார்கள். வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டோம். இதைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் முகம் நான்கு நாள் பதிவாகிவிட்டது என்றால், உங்களை மாற்ற அவர்கள் அத்தனையையும் திரும்ப எடுக்க வேண்டும். சம்பளம் பேச உங்களுக்கு இருக்கும் ஆகப் பலமான நேரம் அதுதான். அதைத்தான் குற்றவுணர்ச்சியாக மாற்றி நம் கையில் கொடுக்கிறார்கள்.

டப்பிங்குக்குக் கூப்பிட்டபோது, ஒன்பது நாளுக்கும் ஏதாவது தந்தால் வருகிறேன் என்றேன். அதோடு ஃபோன் நின்றது. மூன்று மாதம் கழித்துத் திண்டிவனத்திலிருந்து அத்தை கூப்பிட்டார். “உன்னை ஃபோன்ல பார்த்தேன்டி, மனை விக்கிற விளம்பரத்துல அழுவுறியே.” அதே அழுகை. சொந்த வீடு இல்லாமல் அப்பா போய்விட்டார் என்று பின்குரல். பேசுவது என் வாய், குரல் வேறு யாருடையதோ. என் அப்பா உயிரோடு இருக்கிறார். விளம்பரத்தைப் பார்த்த யாரோ அவரிடமே இதைச் சொல்லிக் கேட்டபோது அவர் முகம் போன போக்கை என்னால் இப்போதும் எழுத முடியவில்லை.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலே வழி சொல்கிறார்கள், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்ட உதவி இலவசம். அங்கிருந்த வழக்கறிஞர் அக்கா சொன்ன இரண்டு விஷயம் ஒவ்வொரு நடிகருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, எழுத்து ஒப்பந்தம். 1981-லேயே சினிமாத் தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசு சட்டம் போட்டு, எழுதிய ஒப்பந்தம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆனால் அது முழுநீளக் கதைப் படத்துக்கு. வெப் சீரிஸ், விளம்பரம், டிவி எல்லாவற்றையும் சேர்த்தது 2020-ஆம் வருஷத்துத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. அது நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21-இல்தான். சம்பள வரம்பு, விதிகள் என்று பார்க்க வேண்டியவை உண்டு. ஆனாலும் “வெப் சீரிஸுக்கெல்லாம் ஒப்பந்தம் கிடையாது” என்று இனி யாராவது சொன்னால் அவரை நம்ப வேண்டாம்.

இரண்டாவது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம், நடிப்பவருக்கும் உரிமை தருகிறது. தன் நடிப்பை யார் செய்தது என்று சொல்லச் சொல்லும் உரிமை, தன் பெயருக்குக் கெடுதல் வரும்படி அதைத் திரித்தால் தடுக்கும் உரிமை, வணிகத்துக்குப் பயன்பட்டால் உரிமத்தொகை. ஆனால் படத்தில் சும்மா வந்து போகிறவர், தொழில் வழக்கப்படி டைட்டிலில் பெயர் போடப்படாதவர் என்று ஆகிவிட்டால், திரித்தலைத் தடுக்கும் உரிமை தவிர மற்றதெல்லாம் போய்விடும். டைட்டிலில் பெயர் வருவதை ஒரு சந்தோஷம் என்று மட்டும் நினைத்திருந்தேன். “பேரெல்லாம் எதுக்குப்பா, வேலையைப் பாரு” என்று செட்டில் ஒருவர் சொன்னதன் கனம் அன்றைக்குத்தான் புரிந்தது.

நோட்டீஸ் அனுப்பினோம். அந்த முகவரியில் அப்படி ஒரு கம்பெனி இல்லை என்று திரும்பி வந்தது. பயிற்சிக் கட்டணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்ததால் அந்தப் பதிவை வைத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். புகாரில் கையெழுத்திட்ட ஆறு பேருக்கு மட்டும் 3,500 திரும்பி வந்தது. மற்ற பன்னிரண்டு பேர், பகைத்துக்கொண்டால் வாய்ப்புப் போய்விடும் என்று வரவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒன்பது நாள் கூலி யாருக்கும் வரவில்லை. விளம்பரம் மட்டும் நீக்கப்பட்டுவிட்டது.

இதற்காகச் சும்மா நடிக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். நண்பர்கள் கடன் வாங்கிய கேமராவில், யாருக்குமே சம்பளம் இல்லாமல் எடுக்கும் குறும்படத்தில் நடித்திருக்கிறேன், இனியும் நடிப்பேன். அங்கே எல்லாரும் ஒரே இலையில் சாப்பிடுகிறோம். கேமராவுக்கு வாடகை, லைட்டுக்கு வாடகை, டீசலுக்குக் காசு, நடிகருக்கு மட்டும் ‘அனுபவம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். செட்டுக்குப் போனதும் லைட்மேனிடம் பேட்டா வருகிறதா என்று கேளுங்கள், உண்மை சொல்வார். தேர்வான பிறகு பணம் கேட்கும் எந்த இடமும் வேண்டாம். மேக்கப் போட்ட பிறகு நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். காலையில் கொடுங்கள், படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லுங்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அழைப்பு வந்த செய்தி, போன தேதி, நேரம், எடுத்த காட்சி எல்லாவற்றையும் அன்றன்றைக்கு ஒரு டைரியில் எழுதுங்கள். எங்கள் புகாரில் கடைசியில் உதவியது தோழன் வைத்திருந்த நாலு பக்கக் குறிப்பும் அந்த ஒரு படமும்தான். அவன் அப்பா கூத்துக்குப் போகும்போது வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வாங்கின தேதியை எழுதி வைப்பாராம், அந்தப் பழக்கம் அவனுக்கும்.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் வேறொரு குழுவில் வந்த ஒரு செய்தி. கம்பெனி பெயர் புதிது, எண் புதிது. புதுமுகங்கள் தேவை, நான்கு நாள், நாடகப் பின்னணி உள்ளவர்களுக்கு முன்னுரிமை, தேர்வானவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. கூட ஒரு லொகேஷன் படம். அதே மாடிப்படி, அதே நாய். பயிற்சிக் கட்டணம் மட்டும் 4,500 ஆகியிருக்கிறது.