மாயவரத்தில் மாமாவோடு பார்த்த படங்கள்

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, சென்ற மார்கழிக் கடைசியில் மகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். டொராண்டோவிலிருந்து சென்னைக்கு விமானம், சென்னையிலிருந்து மாயவரம் என்கிற மயிலாடுதுறைக்குச் சோழன் விரைவு வண்டி, அங்கிருந்து குத்தாலத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்துக்கு ஆட்டோ. மொத்தம் 22 நாட்கள் தங்கினோம். ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் வங்கி, பத்திரப் பதிவு, மருத்துவமனை ஆகியவற்றில் தமக்குக் கிடைத்த சேவையைப் பற்றி எழுதுவது வழக்கம். நான் திரையரங்குகளைப் பற்றி எழுதுகிறேன். அதற்குக் காரணம் என் மாமா.

அம்மாவின் தம்பியான அவருக்கு இப்போது 78 வயது. 1970களிலும் 80களிலும் எங்கள் ஊர்ப் பக்கம் இருந்த ஒரு டூரிங் டாக்கீஸில் அவர்தான் ஆபரேட்டர். கீற்றுக் கொட்டகை, தரையில் ஆற்று மணல், பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் சில மடக்கு நாற்காலிகள். பகல் வெளிச்சம் கீற்றிடுக்கு வழியாக உள்ளே வந்துவிடும் என்பதால் பொழுது சாய்ந்த பிறகுதான் காட்சி. இரவுக்கு இரண்டு ஆட்டம். கொட்டகை இருந்த இடத்தில் இன்று அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம் நடக்கிறது. தை அறுவடைக்காகத் தார்ப்பாய்களையும் சாக்குகளையும் அங்கே அடுக்கிக்கொண்டிருந்ததைப் போகும்போதே பார்த்தேன். இந்த முறை மாமாவை அழைத்துப் போய் நல்ல அரங்கில் படம் காட்ட வேண்டும் என்று டொராண்டோவிலேயே முடிவு செய்திருந்தேன்.

முதல் படம் வீணாயிற்று. குளிர்காலத்தில் டொராண்டோவுக்கும் நம் ஊருக்கும் பத்தரை மணி நேர இடைவெளி. மேட்னி தொடங்கும் பிற்பகல் இரண்டரை மணி, வந்து மூன்று நாள்கூட ஆகாத என் உடம்புக்கு விடியற்காலை நான்கு மணி. குளிரூட்டிய இருட்டில் கால் மணி நேரத்துக்குள் நானும் மகளும் தூங்கிவிட்டோம். இடைவேளைக்கு விளக்குப் போட்டபோதுதான் விழித்தோம். கிழக்கு நோக்கிப் பயணம் செய்தவரின் உடற்கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும் என்பதால், கனடாவிலிருந்து வருகிறவர்கள் முதல் வாரத்தில் பகல் காட்சிக்குப் பணம் செலவிடாதிருப்பது நல்லது. இரவு பத்து மணிக் காட்சி, உடம்புக்கு முற்பகல் பதினொன்றரை மணியாக இருப்பதால், கண் கொட்டாமல் பார்க்கலாம். என்னைச் சரிப்படுத்தியது காலை வெயில்தான். மார்கழியில் நாலரை மணிக்கே கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும். காப்பி குடித்துவிட்டுக் கதிர் முற்றிச் சாய்ந்த சம்பா வயல்களுக்கு நடுவே காவிரிக் கரை வரை நடந்து, வெயில் ஏறும் வரை அங்கேயே நின்றிருந்தேன். எட்டாம் நாளில் தூக்கம் ஒழுங்குக்கு வந்தது.

இதற்கிடையில் மாமா, என்னிடம் சொல்லாமலேயே, பொங்கல் படத்துக்கு டிக்கெட் வாங்கப் பேருந்தில் நகரத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிவிட்டார். மாலையில்தான் சொன்னார்.

"கவுன்ட்டர்ல ஆளே இல்ல மாப்ள. வாட்ச்மேன் தம்பி போன்ல புக் பண்ணிட்டு வாங்கங்குறான். ஆளில்லாம எப்படி டிக்கெட் குடுப்பாங்க?"

அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த கைபேசி. நானே பதிவு செய்துவிடுகிறேன் என்று சொல்லிச் செயலியைத் திறந்தேன். கனடா வங்கியின் கடன் அட்டையை அது ஏற்கவில்லை. யுபிஐ மூலம் செலுத்தலாம் என்றால், அதற்கு வங்கிக் கணக்கில் பதிவான கைபேசி எண் வேண்டும். கனடா, சிங்கப்பூர், அமெரிக்கா, ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட 10 நாடுகளின் எண்களை, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கோடு இணைத்து யுபிஐ பயன்படுத்த 2023இலேயே வழி செய்துவிட்டார்கள். ஆனால் என் கணக்கில் இருந்தது நான் எப்போதோ கைவிட்ட பழைய எண். அதை மாற்ற வங்கிக் கிளைக்கு இரண்டு முறை நேரில் போக வேண்டியிருந்தது. கடைசியில் சித்தப்பா மகன்தான் தன் கைபேசியில் நான்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தான். ஒரு டிக்கெட் 150 ரூபாய். 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட் என்பதால் 18 விழுக்காடு வரி அதற்குள் அடக்கம். இணையப் பதிவுக் கட்டணம் தனி. ஊருக்குக் கிளம்பும் முன்பே கணக்கில் உள்ள எண்ணைச் சரிபார்த்துவிடுங்கள். ஆனால் இந்த யோசனை என்னைப் போன்றவர்களுக்குத்தான் உதவும், மாமாவுக்கு உதவாது. இருபத்தைந்து காசு தரை டிக்கெட்டுக்கு நீண்ட கைகளை ஆண்டுக்கணக்காகப் பார்த்தவர், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூடிய சன்னலின் முன் நின்றிருக்கிறார். அந்த எண்ணம் எனக்கு அன்று இரவு முழுவதும் உறுத்தலாக இருந்தது.

அரங்கைப் பற்றிக் குறை சொல்வதற்கு முன், அதன் சிறப்பைச் சொல்வதுதான் நியாயம். டொராண்டோவின் புறநகர் அரங்குகளில் நான் தமிழ்ப் படம் பார்க்கும் எந்தத் திரைக்கும் அந்தத் திரை குறைந்ததல்ல. லேசர் ஒளியில் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. முகங்களின் நிறம் கெடவில்லை. இருக்கைகள் அகலமாகவும் சுத்தமாகவும் இருந்தன. பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வந்தது என்று மகளும் மாமியும் சொன்னார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே நகரத்தில் இவ்வளவு இல்லை.

மாமா யார் என்பதை மேலாளரிடம் சொன்னேன். அவர் உடனே இடைவேளையில் எங்களைப் படம் ஓட்டும் கேபினுக்கு அழைத்துப் போனார்; அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். உள்ளே இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் இருந்தார். படம் கோப்பாக வந்து கணினியில் ஏறிவிடுகிறது, எந்த நாள் எந்த நேரம் வரை ஓட்டலாம் என்பதற்கு ஒரு மின்சாவி தனியாக வருகிறது, அந்த நேரம் தாண்டினால் படம் திறக்காது என்று பொறுமையாக விளக்கினார். மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். அவர் காலத்தில் படம் பெட்டியில் வரும், அதுவும் பேருந்தின் கூரையில். நொடிக்கு 24 படச்சட்டம், நிமிடத்துக்கு 90 அடி என்ற கணக்கில், 2000 அடி ரீல் 22 நிமிடம் ஓடும். கொட்டகையில் ஒரே ஒரு புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் ஆட்டம் நிற்கும். ஒரு படத்துக்குப் பல இடைவேளை வரும். புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகள் எரிந்து தேயத் தேய இடைவெளியைக் கையால் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மஞ்சளடித்துவிடும்.

"படம் அறுந்தா என்ன செய்வ தம்பி?"

"அறுக்குறதுக்கு ஒண்ணும் இல்ல தாத்தா."

"சரி. படம் ஓடுறப்ப நீ எங்க இருப்ப?"

நேரத்தைக் குறித்து வைத்துவிட்டால் காட்சி தானாகவே தொடங்கிவிடும் என்றும், கூட்ட நாட்களில் தாம் கீழே வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்ளப் போய்விடுவதாகவும் அந்த இளைஞர் சொன்னார். மாமா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. இருக்கைக்குத் திரும்பிய பிறகு, "அப்ப படத்த யாரு பாத்துக்குறது?" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அந்தக் கேள்வியின் பொருள் பத்து நிமிடத்தில் எனக்கு விளங்கியது. இரண்டாம் பாதியின் முதல் சண்டைக் காட்சியில் ஒலி தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள். முன் வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. எழுந்து வெளியே போனேன். சொல்வதற்கு ஆள் இல்லை. கேபின் பூட்டியிருந்தது. தின்பண்டக் கடைப் பையன் இரக்கப்பட்டு யாருக்கோ போன் செய்தான். ஒலி குறையும்போது இருபது நிமிடம் கடந்திருந்தது. மாமாவுக்குக் காது மந்தம். அவருக்கு அந்த இரைச்சலில் வசனம் ஒன்றுகூடப் பிடிபடவில்லை, இசை மட்டும் நெஞ்சில் அடித்தது என்றார். திரையின் கீழே தமிழ் எழுத்து ஓடியிருந்தால் அவர் படித்திருப்பார். டொராண்டோவில் ஆங்கில வரிகளோடு தமிழ்ப் படம் பார்த்துப் பழகிய என் மகளும் அன்று தடுமாறினாள். செவித்திறனும் பார்வைத்திறனும் குறைந்தவர்கள் திரையரங்கில் படம் பார்ப்பதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. நான் பார்த்த மூன்று அரங்குகளில் எதிலும் அதன் அறிகுறி தென்படவில்லை. முதியவர்கள் நிறைந்த நம் மாவட்டங்களில் இது பெரிய குறை.

மகளுக்கு உதவியவர் அடுத்த இருக்கையில் இருந்த கல்லூரி மாணவி. நான் ஒலியைக் குறைக்கச் சொல்ல வெளியே அலைந்துகொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலேயே, புரியாத இடங்களை அவளுக்கு மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். டொராண்டோவில் பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அங்கே படம் முடியும் வரை அமைதி. அந்த அமைதிக்கு நான் பழகிவிட்டேன். அதனால்தான் முதல் நாள் விசில் பறந்தபோது திரும்பி முறைத்தேன். மூன்றாம் படத்தில் கூட்டம் சிரித்த பிறகு நானும் சிரித்தேன். ஒரு வசனம் கைதட்டலில் மூழ்கியபோது, பின் வரிசைப் பெரியவர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொன்னார், நன்றியோடு கேட்டுக்கொண்டேன். விசிலும் கைதட்டலும் இந்த ஊரில் படத்தின் பகுதி. ஆனால் கைபேசி வெளிச்சம் அப்படியல்ல. முன்னால் பத்துத் திரைகள் ஒளிர்ந்து படத்தைப் பதிவு செய்யும்போது லேசர் ஒளியால் என்ன பயன்? அதைத் தடுக்கவும் அங்கே ஆள் இல்லை.

கும்பகோணத்தில் ஒரு பழைய ஒற்றைத் திரை அரங்குக்கும் போனோம். அங்கே கவுன்ட்டர் சன்னல் திறந்திருந்தது. உள்ளே இருந்த அம்மாள் மாமாவின் 500 ரூபாய்த் தாளை வாங்கி, சில்லறை எண்ணிக் கொடுத்தார். வாசலில் ஒருவர் டிக்கெட்டைக் கிழித்தார். இன்னொருவர் டார்ச் விளக்கைத் தரையில் அடித்துக்கொண்டே, "பாத்து, படி இருக்கு" என்று மாமாவின் முழங்கையைப் பிடித்து இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைத்தார். அந்த விளக்கின் வட்டம் மாமாவின் கால்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆனால் படம் மங்கல். புரொஜெக்டரின் விளக்கு ஆயுள் முடிந்தும் மாற்றப்படாமல் இருக்கிறது என்பது மாமாவின் கணிப்பு. குளிரூட்டி வேலை செய்யவில்லை. படிக்குக் கைப்பிடி இல்லை. என் இருக்கையின் கம்பி துருத்திக்கொண்டிருந்தது. இரண்டில் எது நல்ல அரங்கு என்று மாமாவிடம் கேட்டேன். படம் அங்கே, கொட்டகை இங்கே என்றார்.

இருட்டிய பிறகு வீடு திரும்புவது இன்னொரு சிக்கல். 2021 மே மாதத்திலிருந்து அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாமி அந்த வசதியால்தான் அடிக்கடி வெளியே போய்வருகிறார். ஆனால் எங்கள் ஊர் வழியாகச் செல்லும் கடைசிப் பேருந்து, மாலைக் காட்சி முடிவதற்கு முன்பே போய்விடுகிறது. ஆட்டோவுக்குக் கொடுத்த பணம் இரண்டு டிக்கெட்டின் விலைக்கு மேல். ஆகவே எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மேட்னி ஒன்றுதான் உண்டு, அதுவும் பொங்கல் வாரத்தில் இணையத்திலேயே நிறைந்துவிடுகிறது.

இந்த ஆற்றங்கரைக்குப் படம் புதிதல்ல. 1905இல் திருச்சிக்கு வந்திருந்த டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கூடாரத்தில் காட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1910இல் மாயவரத்தில் பிறந்தவர், திரையில் பாடி நடித்துப் புகழ்பெற்ற எம்.கே. தியாகராஜ பாகவதர். மாமா பாகவதரைப் பற்றி ஆட்டோவில் வரும்போது பாடிக்கொண்டே பேசுவார்; ஓட்டுநர் வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த மேலாளரை மறுபடியும் போய்ப் பார்த்தேன். மேட்னிக்கு முன் ஒரு மணி நேரமாவது கவுன்ட்டரைத் திறந்து வையுங்கள், கைபேசி இல்லாதவர்களுக்கு நடைபாதை ஓரமாகச் சில இருக்கைகளை ஒதுக்குங்கள், காட்சி நடக்கும்போது கேபினில் ஒருவரை இருத்துங்கள் என்று மூன்று கோரிக்கைகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவதற்குச் சம்பளம் கட்டாது என்று வெளிப்படையாகச் சொன்னார். முன் இரண்டு வரிசை இப்போதும் கவுன்ட்டரில் விற்பனைக்கு உண்டு, ஆனால் காட்சிக்குக் கால் மணி நேரம் முன்னால்தான் ஆள் வருவார் என்றார். இது எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. ஊரில் பெற்றோர் இருப்பவர்கள் இதை அரங்குக்குப் போன் செய்து கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரங்கின் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி மாமா வீட்டு நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, "பஸ் ஒரு மணிக்கே எறக்கி வுட்டுடும். அது வரைக்கும் நான் எங்க உக்கார்றது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

தை கடைசியில் டொராண்டோவிலிருந்து அழைத்தபோது, மாமா தனியாகவே மேட்னிக்குப் போய்வந்திருந்தார். கவுன்ட்டர் திறக்கும் வரை வாட்ச்மேன் தம்பி தன்னுடைய நாற்காலியைக் கொடுத்தாராம். படம் எப்படி இருந்தது என்றேன்.

"வலது பக்க ஸ்பீக்கர் ஒண்ணு எரையுது மாப்ள. வெளிய வந்து அந்தத் தம்பிகிட்ட சொல்லிட்டு வந்தேன்."